இரண்டிலும் வெள்ளரளி

நான் சாமி கும்பிடாதவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் மாகாளியம்மனுக்கு விளக்கு வைக்காமல் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஆனால் அருள், அதிசயம், பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

எழுபதுகளில் நடந்தது. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் சம்சாரம் பாப்பாத்திக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் தங்காது என்று கோயமுத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோ, அம்மனிடம் பூக் கேட்காமல் வாசல்படி இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் அதுதான் வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், உள்ளே இருப்பது தெரியாதபடி வாழையிலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டிக் கொண்டுபோவது வீட்டுக்காரன் பொறுப்பு.

சிவப்பு வந்துவிட்டால்? விடிந்ததிலிருந்து கிணற்றுமேட்டில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மனை நம்புகிறவன்தான், ஆனால் என் பெண்டாட்டியை அவள் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிற அளவுக்கு நம்பவில்லை. எங்கள் தோட்டத்தில் இருந்தது வெள்ளரளி மட்டும்தான், சிவப்புக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டும். நான் போகவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன்.

கோயிலில் பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்து இலையை விரித்தார். சிவப்பு. நம்பினால் நம்புங்கள், நல்ல காலை வெயிலில், என் கண்ணுக்கு முன்னால், செக்கச்செவேலென்று செவ்வரளி. பூசாரியோ ஒரு பூவை எடுத்து அவள் கையில் கொடுத்து, "வெள்ளப் பூவுங்க அம்மிணி. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, தைரியமாப் போயிட்டு வாங்க" என்கிறார். பாப்பாத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சந்தோஷத்தில் அழுகிறாள்.

அப்படியானால் சிவப்பு எனக்கு மட்டும்தான். வாயைத் திறந்தால் என் திருட்டுத்தனம் வெளியே வரும், அவளும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாள். இன்னொரு பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு அவளை பஸ் ஏற்றினேன். அந்தப் பூவை அவள் தலையில் வைத்திருந்தாள், நான் கோயமுத்தூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆபரேஷன் நடக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆத்தா, நீ எனக்குக் காட்டியது பொய்யாகப் போகட்டும் என்று அவளிடமே வேண்டினேன். காலையில் யாரை ஏமாற்றினேனோ, மத்தியானம் அவள் காலையே பிடித்தேன். எனக்கு வேறு யாரைத் தெரியும்?

பாப்பாத்தி பிழைத்துக்கொண்டாள். அம்மன் மன்னித்தாளா, மிரட்டிப் பார்த்தாளா, இல்லை என் கண்தான் கோளாறா, தெரியவில்லை. அந்த இன்னொரு பொட்டலம் மாடத்தில் அம்மன் படத்துக்குப் பின்னால் சருகாகக் கிடக்கிறது. அவிழ்க்கவும் தைரியம் இல்லை, எறியவும் மனம் வரவில்லை.

போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பாப்பாத்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, இந்தச் செவ்வரளிய இன்னும் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

அவளுக்கு வந்தது வெள்ளை, அப்படியென்றால் மிச்சம் சிவப்புதானே, அவள் நினைத்தது நியாயம்தான். நான் கட்டி வைத்ததோ வெள்ளை. அவிழ்த்துப் பார்க்கட்டுமா என்று நாரில் கை வைத்தாள்.

"வேண்டாம் புள்ள, இருந்த எடத்துலயே வெச்சுரு" என்றேன்.

வைத்துவிட்டாள். விளக்கு இன்றைக்கும் அந்த மாடத்தில்தான் வைக்கிறேன், படத்துக்குப் பின்னால் மட்டும் பார்ப்பதில்லை.