முதல் வெந்நீர்

மாமனார் வீட்டில் ஒரே மருமகனாக இருந்தவரை அவர் வெறும் மாப்பிள்ளைதான். மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி சகலை என்று ஒருவன் வந்து சேர்ந்ததும் பெரிய மாப்பிள்ளை ஆனார். கேட்பதற்குப் பதவி உயர்வு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கூடத்தில் சாய்ந்து உட்காரும்படியான நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் எப்போது போனாலும் சகலை உட்கார்ந்திருப்பான். "வாங்க, வாங்க" என்று அதிலிருந்தபடியே வாய் நிறைய வரவேற்பான். பெரிய மாப்பிள்ளை மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுக்கொள்வார். அது கிறீச்சிடும். மாமனார் திரும்பிப் பார்ப்பார், ஏதோ அவர்தான் சத்தம் போட்டது போல.

வேலையிலும் விடவில்லை. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி மலையடிவாரத்தில் இருந்தது. கோடையிலும் கை விறைக்கும் தண்ணீர். ஏரியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் குழாய்; அதன் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அந்தத் தடுப்பில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவதுதான் பெரிய மாப்பிள்ளையின் தொழில். "தண்ணிக்குள்ள பெருக்கித் துடைக்கிறவன்" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அடுத்தவர் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார். சகலைக்கு வேலையில்லாமல் இருந்த காலத்தில், மனைவி காதைக் கடித்ததால், சூப்பர்வைசரிடம் சொல்லி இதே வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

சகலை தண்ணீருக்குள்ளேயே பிறந்தவன் மாதிரி வேலை செய்தான். ஒரே அளவு காற்றில் அவரைவிட நிதானமாக மூச்சு விட்டான். மேலே வந்தால் சிரித்தான். அவன் சிரித்தால் சூப்பர்வைசரும் சிரிப்பார். பெரிய மாப்பிள்ளை அதே நகைச்சுவையைச் சொன்னால், "அப்புறம்?" என்று கேட்பார்.

கரையில் தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள் உடை மாற்றும் அறை, பெஞ்சு, மூலையில் ஒரு குளியலறை, வெந்நீர் அண்டா. ஒருவர் ஆற அமரக் குளிக்கும் அளவுக்குத்தான் அதில் சூடு இருக்கும். இரண்டாவது ஆளுக்கு வெதுவெதுப்பு. மூன்றாவது ஆளுக்கு ஏரித் தண்ணீரே தேவலாம். குழுத் தலைவருக்கு முதல் வெந்நீர் என்பது வழக்கம். பழைய தலைவர் விலகிப்போன பிறகு, மூத்தவர் என்ற முறையில் பெரிய மாப்பிள்ளைதான் முதலில் குளித்துவந்தார். குளிரில் முங்கி வந்த உடனே சூடாகக் குளிக்கக் கூடாது என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்தான். பல் தந்தியடிக்க மேலே வருகிறவனுக்கு வகுப்பாவது மண்ணாவது.

அன்று காலையில் சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்து, இனி சகலைதான் தலைவர் என்று சொன்னார். பெரிய மாப்பிள்ளை முதல் ஆளாகக் கை தட்டினார். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டார். அதற்கப்புறம் இருவரும் ஜோடியாக இறங்கினார்கள்.

கீழே சகலை வெறிகொண்டவன் மாதிரி சுரண்டினான். பதவி கிடைத்த முதல் நாள் அல்லவா. வேலை செய்கிறவரை உடம்பு சூடாக இருந்தது. மேலே ஏறும்போதுதான் சங்கடம். ஆழத்தில் மூச்சோடு உடம்பில் கரைந்த வாயு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும்; அதற்காக நடுநடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நிற்காமல் வந்தால், மூடியைத் திறந்த சோடா மாதிரி உடம்புக்குள் நுரைக்கும். அழுத்த நோய் என்று டாக்டர்கள் சொல்வதை இவர்கள் 'குமிழி' என்பார்கள். இருவரும் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய அளவு நின்றார்கள். ஆனால் சகலையின் உடுப்பில் கழுத்துப் பக்கம் தண்ணீர் கசிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடி அவன் வெடவெடவென்று நடுங்கியதைப் பெரிய மாப்பிள்ளை பார்த்தார். பார்த்து, மனதுக்குள் கொஞ்சம் குளிர்ந்தார்.

கரையேறியதும் சகலை நேராக முதல் வெந்நீருக்குப் போனான். பெரிய மாப்பிள்ளை ஈர உள்ளுடையோடு பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தத்தையும் சகலையின் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குவளையும் தன் தலையிலிருந்து பிடுங்கி ஊற்றுவது போலிருந்தது. பாட்டு பாதியில் நின்றது. துண்டோடு வெளியே வந்தான். முதலில் அவர் கண்ணில் பட்டது அவனுடைய தொந்தியில்லாத வயிறுதான். இந்த வயதிலும் எப்படி இப்படி என்று பொருமிய பிறகுதான் அந்த வயிற்றின் மேல் இருந்ததைக் கவனித்தார். பளிங்குத் தரையில் ஓடும் கோடுகள் மாதிரி, ஊதாவும் சிவப்புமாகப் படர்ந்திருந்தது. அவன் அதைச் சொறிந்துகொண்டான். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சகலை, தோள்ல?"

"சிலிண்டர் தூக்குனது. மூத்தவர் நீங்க தூக்கியிருந்தா எனக்கு ஏன் வலிக்கப்போகுது?"

பெரிய மாப்பிள்ளை எழுந்து போய், வாழ்த்துச் சொல்கிற சாக்கில், அந்தத் தோளை நன்றாக அழுத்திப் பிடித்தார். தசை பிடித்திருந்தால் அவன் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. எலும்புக்குள்ளே எங்கேயோ ஆழத்தில் உட்கார்ந்திருந்தது. கால்சட்டையில் காலை நுழைக்கப் போனவன் தள்ளாடி, பெஞ்சைத் தவறவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டான். "குளிரு" என்று சிரித்தான்.

குளிர் என்றால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடலாம். மரத்துப்போன விரல், அசதி, நடுக்கம் எல்லாமே குளிர்தான். இந்த ஏரியில் இறங்குகிறவர்களுக்கு இதுதான் ஆபத்தே. குமிழி வந்தாலும் குளிர் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் பெரிய மாப்பிள்ளைக்கு வேறொரு சந்தேகம் வந்தது. தன் மேலேயே வந்தது. இவனுக்கு ஏதாவது வரவேண்டும் என்று காலையிலிருந்து எத்தனை தடவை நினைத்திருப்பார்? இப்போது வந்துவிட்டது என்று சொல்வது கண்ணா, வயிற்றெரிச்சலா? போன குளிர்காலத்தில் சகலைக்குக் காதில் கோளாறு என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். அன்றைக்கும் அவர் நம்பித்தான் சொன்னார். பரிசோதனையில் அவன் காது அவருடைய காதைவிட நன்றாக இருந்தது.

ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால்? அந்த எண்ணமும் வந்தது. வேறு துணி மாற்றி, கழற்றிய ஈர உள்ளுடையை மடித்துக்கொண்டே அந்த எண்ணத்தை ஓட்டிப் பார்த்தார். அதில் அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; மாமனார் காபி நீட்டினார். பக்கத்தில் மனைவியின் தங்கை, முகம் வெளிறி, சகலையின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் உள்ளுடையைக் கீழே போட்டார்.

அவசரம் வேறு இருந்தது. மாமனார் வீடு மலைக்கு மேலே. நல்ல செய்தியைச் சொல்லச் சகலை அப்போதே கிளம்புவதாக இருந்தான். உயரம் ஏற ஏறக் காற்று இளைக்கும், குமிழி பெருக்கும். குமிழியை மறுபடி கரைக்கும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரியோ எதிர்த்திசையில், கீழே துறைமுகத்தில்.

சூப்பர்வைசரைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "போன தடவை காது. இந்தத் தடவை வயிறா?" என்றார். ஆனாலும் முறைக்குச் சகலையைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தனக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் என்றான். நடந்து காட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசல்வரை நேராக நடந்து காட்டினான். திரும்பும்போது பெரிய மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. சூப்பர்வைசர் தாழ்ந்த குரலில், ஒரு நாளாவது பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அதற்குள் வெளியே சகலையின் காரில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. ஜோடியாக இறங்கியவர்களில் ஒருவர் தனக்குக் குமிழி என்று சொன்னால் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே ஆழம், ஒரே நேரம் என்பதால் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வந்திருக்கலாம். டாக்டர் சரி என்று எழுதித் தரும்வரை இருவருமே தண்ணீரில் இறங்க முடியாது. அதனாலேயே யாரும் வாயைத் திறப்பதில்லை.

பெரிய மாப்பிள்ளை பெஞ்சில் சரிந்தார். தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எனக்குத்தான் குமிழி. அவனச் சொன்னது தப்பு. வலி தாங்கல."

சூப்பர்வைசருக்கு முகத்தில் ஈயாடவில்லை. நடிப்பு என்று நினைத்தாரா தெரியாது. நினைத்தாலும் விதியை மீற அவருக்குத் துணிச்சல் இல்லை. சகலையைக் காரிலிருந்து இறக்கினார். ஆக்சிஜன் சிலிண்டரை வேனில் ஏற்றி, இரண்டு முகமூடிகளையும் எடுத்துக்கொடுத்து, இருவரையும் படுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு அவரே வண்டியை ஓட்டினார்.

வேன் மலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. சகலை முகமூடியைத் தூக்கிவிட்டுப் பேசினான்.

"எனக்குக் கிடைச்சது உங்களுக்குப் பொறுக்கல. அதானே?"

"ஆமா" என்றார் பெரிய மாப்பிள்ளை. "முகமூடியப் போடு."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்த சகலை முறைத்தான். முகமூடியைப் போட்டுக்கொண்டான். பாதி வழியில் மறுபடி தூக்கி, வேறு குரலில் கேட்டான்.

"சகலை, உங்களுக்கும் காலு மரத்துப்போகுதா?"

"பேசாத. மூச்ச இழு."

அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்குத் தன் கண்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அவர் எட்டி, அவன் முகமூடியின் பட்டையை இறுக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் அவரிடம்தான் வந்தார். புகார் அவருடையது அல்லவா. அவர் முகமூடியை விலக்கி, தனக்கு ஒரு வலியும் இல்லை, அவனைப் பாருங்கள் என்றார். வயிற்றையும் தோளையும் காலையும் கடகடவென்று சொன்னார்.

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவன் தனியா வரமாட்டான்மா."

டாக்டரம்மா அவரை ஒரு விநாடி பார்த்துவிட்டுச் சகலையின் பக்கம் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னதும் சகலை வெட்டின மரம் மாதிரி சாய்ந்தான். சிறுநீர் கழித்தாயா என்று கேட்டதற்கு, முட்டுகிறது, ஆனால் வரவில்லை என்று ஒப்புக்கொண்டான். அவ்வளவுதான். ஆளை அழுத்த அறைக்குள் கொண்டுபோனார்கள். குளிர்ந்த உடம்பில் உடனே வெந்நீரை ஊற்றியதுதான் குமிழியைக் கிளப்பியிருக்கிறது, மலைக்கும் போயிருந்தால் இடுப்புக்குக் கீழே என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பெரிய மாப்பிள்ளையை, அதே ஆழத்துக்குப் போனவர் என்பதால், ஒரு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். அவருக்கு வலியே இல்லை என்பதை டாக்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை.

குடும்பம் வந்து சேர்ந்தது. அழுத்த அறை பெரிய உருளை மாதிரி இருந்தது. பக்கவாட்டில் வட்டமான சிறு ஜன்னல். எல்லோரும் அந்த ஜன்னலை மொய்த்துக்கொண்டார்கள். கொழுந்தியாள் கண்ணாடியில் கை வைத்து அழுதாள். உள்ளே சகலை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்த நிலையிலும் நல்லாத்தான் இருந்தான், பாவி. மாமனார் வராந்தாவில் உலாத்தியபடி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்ன மாப்பிள்ளைக்குத் தனக்கே முடியல. அப்பவும் சகலைக்கு வலின்னதும் கூடவே வந்திருக்கார். அந்த மனசு யாருக்கு வரும்?"

பெரிய மாப்பிள்ளைக்குக் காதில் புகை வந்தது. நோயில்கூட நிஜமானதை அவனே எடுத்துக்கொண்டான். தனக்குக் கிடைத்தது போலி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சூப்பர்வைசர் வலது தோள்னாரு. நீங்க இடது தோளத் தேச்சிட்டு இருக்கீங்க."

அவர் கையை எடுத்தார். அவள் பையைத் திறந்தாள். எல்லோருக்கும் கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து முதல் தம்ளரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் சொல்ல வந்ததைக் காபியோடு விழுங்கினார்.

சகலை தன் காலால் நடந்தே ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தான். இடது பாதத்தில் கொஞ்சநாள் மதமதப்பு இருந்தது, அதுவும் சரியாகிவிட்டது. தண்ணீரில் இறங்க மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை பெரிய மாப்பிள்ளை தலைவராக இருக்கட்டும் என்றார் சூப்பர்வைசர். அதுவரை. அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல நாள் வைத்துப் பார்த்தார்.

டாக்டரம்மா எழுதித் தந்த பிறகு அவர் மறுபடி ஏரியில் இறங்கினார். தடுப்பைச் சுரண்டி, கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்று, பல் தந்தியடிக்க மேலே வந்தார். அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வெந்நீர் அவருடையது. யாரும் போட்டிக்கு இல்லை. அவர் உலர்ந்த துணி மாற்றி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உடம்பு தானாகச் சூடேறட்டும் என்று காத்திருந்தார். திறந்திருந்த கதவு வழியே குளியலறையிலிருந்து ஆவி வந்து முகத்தில் பட்டது.

அன்றைக்கு அவன் ஆசை தீர, பாட்டுப் பாடிக் குளித்தான். இனி இந்தக் கொட்டகையில் யாருக்கும் அப்படி ஒரு குளியல் கிடையாது. அதையும் அவனே அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தபோது, பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் கொஞ்சம் சூடு பிறந்தது.