புறங்கைச் சூடு

மாலையில் தையல் மிஷினுக்கு உறை போட்டதும் அவள் உள்ளறைக்குப் போவாள். கட்டிலோரம் குனிந்து, தரையில் கிடக்கும் கறுப்பு அடாப்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுவது போலத்தான் இருக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள் பல வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

கட்டிலில் இருப்பது அவள் கணவர். வயர்மேனாக இருந்தவர். தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும் நோய் கால்களில் தொடங்கி மார்புக்கு வந்தது. அதன்பின் மூச்சை உள்ளே தள்ள ஒரு சின்ன மிஷின் வந்தது. சுவரில் வரும் மின்சாரத்தை அது தாங்காது. அடாப்டர்தான் அதைக் குறைத்து, ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றி ஊட்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் தைக்கும்போது மிஷினின் மூச்சு அவள் காதில் விழுந்தபடியே இருக்கும்.

ஒருநாள் காலை அந்த அடாப்டர் செத்துப்போனது.

மிஷின் விட்டுவிட்டுக் கத்தியது. உள்ளே இருந்த பேட்டரி மதியத்துக்குக் கொஞ்சம் மேல் வரை தாங்கும். மிஷின் கம்பெனிக்குப் போன் செய்தால், புது அடாப்டர் அனுப்ப ஒரு வாரமாகும் என்றார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த கொழுந்தன் ஓடி வந்தான்.

“அண்ணி, நான் பாத்துக்கறேன், நீங்க கடைக்குப் போங்க. செத்ததையும் எடுத்துக்குங்க, அத மாதிரியே கேளுங்க” என்றவன், அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: “ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்த ஆளு. இப்ப உனக்குக் குடுக்க ஆளில்ல பாரு.”

மாஸ்க்குக்கு மேலே கணவரின் கண்கள் சிரித்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் பழைய அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். இருபத்துநாலு வோல்ட், நாலு ஆம்பியர்.

“இதே மாதிரி இல்லக்கா. இருபத்துநாலுல ரெண்டு இருக்கு. இது ரெண்டு ஆம்பியர், அது அஞ்சு. பின்னு ரெண்டுக்கும் ஒண்ணுதான். எது வேணும்?”

ஒன்று சோப்புக் கட்டி அளவு. இன்னொன்று செங்கல் போல இருந்தது. அவளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். என்ன மிஷின், யாருக்கு என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கூச்சம் நாக்கைக் கட்டிவிட்டது. தேய்ப்புப் பெட்டியைப் பிடித்த நாள்முதல் அவளுக்கு ஒரு பழக்கம். தெரியாத துணி என்றால் சூட்டைக் குறைத்தே வைப்பாள். குறைந்தால் இன்னொரு முறை தேய்த்துக்கொள்ளலாம், கூடிக் கருகினால் துணி போனது போனதுதான். அஞ்சு ஆம்பியர் என்றால் மிஷினைக் கருக்கிவிடும் என்று பயந்து, சின்னதைக் காட்டினாள்.

வீட்டில் செருகியதும் மிஷினின் கத்தல் நின்றது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் சூடேறும் வாசனை வந்தது. அடாப்டரின் பச்சை விளக்கு அணைந்தது. மிஷின் மறுபடியும் கத்தத் தொடங்கியது.

கணவர் விரலசைத்தார். கொழுந்தன் மாஸ்க்கைத் தூக்கினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாஸ்க் மேலே போய்க் கீழே வந்தது.

“எத்தன ஆம்பியர்?”

“ரெண்டுங்க. அஞ்சு போட்டா கருகிடும்னு…”

“சட்டைக்கு அளவு இருக்கில்ல, அதுதான் வோல்ட். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

மாஸ்க் கீழே வந்தது. மிஷின் அவருக்காக மூச்சு விட்டது.

“ஆம்பியருங்கறது துணிக் கட்டு. கட்டு பெருசா இருந்தா சட்ட பெருசாயிடுமா?”

“ஆகாது.”

“மிஷினு தனக்கு வேணுங்கறத மட்டும் வெட்டிக்கும். கட்டு சின்னதா இருந்தாத்தான் கைக்குத் துணி பத்தாது.”

அவளுக்கு உடனே புரிந்தது. கஞ்சத்தனமாக அளந்து கொடுத்தது அவருடைய மூச்சை. சின்னதையும் செத்துப்போன பழையதையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. இந்த முறை வரிசையில் நிற்கவில்லை. முன்னால் போய் நின்று, “வீட்டுக்காரர் மூச்சு விடற மிஷினுக்குங்க. நாலுக்குக் குறையக் கூடாது” என்றாள். தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை.

கடைக்காரர் பதறிப்போனார். “மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?” பெரியதை எடுத்து, பழையதன் லேபிளோடு வைத்து, பின்னின் படத்தைக் காட்டினார். “ரெண்டுலயும் நடுவுல பிளஸ். இது மாறினாலும் மிஷினுக்கு ஆபத்து.”

அவள் திரும்பியபோது பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தது. செருகினாள். கத்தல் நின்றது. வெகுநேரம் கழித்து, கணவர் கண்ணாலேயே அடாப்டரைக் காட்டினார். கொழுந்தன் மாஸ்க்கைத் தூக்கினான்.

“புறங்கையால தொட்டுப் பாரு.”

தொட்டாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

“அது சரியான சூடு” என்றார்.

கம்பெனி அடாப்டர் சொன்னபடி ஒரு வாரத்தில் வந்தது. இப்போது அதுதான் ஓடுகிறது. பெரியது அவசரத்துக்கென்று அலமாரியில் இருக்கிறது. கணவருக்குப் பேச்சு நின்றுவிட்டது, மாஸ்க்கைக் கழற்றவும் முடிவதில்லை. மாலையில் அவள் குனிந்து தொடும்போது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தலையசைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.