தோளைத் தொட்டுக் காட்டுங்கள்

பஸ்ஸில் இடம் பிடிக்க நம் ஊரில் ஆள் ஏற வேண்டியதில்லை. துண்டு ஏறினால் போதும். குடை, டிபன் பை, பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, எதுவும் ஏறலாம். ஜன்னல் வழியாக நீட்டியதை உள்ளே இருப்பவர் வாங்கி இருக்கையில் வைத்துவிட்டால் அந்த இடம் வெளியே நிற்பவருடையது. யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வையம்பட்டியில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. முடித்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணப்பாறையில் பஸ் நின்றதும் கூட்டம் முண்டியடித்தது. என் ஜன்னலுக்கு வெளியே ஒருவன், "அக்கா, எடம் போட்டு வைங்கக்கா, இந்தா வந்துடறேன்" என்று ஒரு பையை நீட்டினான். வாங்கி இவரிடம் கொடுத்தேன். இவர் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டி கொஞ்சம் நிற்கும் என்று கண்டக்டர் சொல்ல, நான் தண்ணீர் வாங்க இறங்கினேன். படியில் கால் வைக்கும்போது யாரோ அந்த இடத்தில் உட்காரப் போக, "ஆள் வருதுங்க" என்று இவர் தடுத்தது காதில் விழுந்தது.

கடையில் மீதிச் சில்லறைக்காக நின்றேன். அப்போது பஸ்ஸுக்குள் அந்தப் பை வெடித்தது. கண்டக்டருக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. இவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று.

டிவியில் அன்றைக்கே போர் ஆரம்பமாகிவிட்டது. கோட் போட்டவர்கள் மேஜையைத் தட்டித் தட்டிப் போர் நடத்தினார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களும் ஆப்பிளோடு அதையேதான் கொண்டுவந்தார்கள். கேஸ், கோர்ட் என்று இழுக்கக் கூடாதாம், பிடித்த இடத்திலேயே சுட்டுத் தள்ள வேண்டுமாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அவன் மூஞ்சிய நேர்ல பாத்தது நீங்க ஒருத்தர்தான். ஆள் சிக்கினா ஜெயில்ல மாஜிஸ்திரேட் முன்னாடி அடையாள அணிவகுப்பு நடக்கும். பல பேரோட நிக்கவெப்பாங்க, நீங்க காட்டணும். அதுவரைக்கும் டிவி, பேப்பர், போன் எதுலயும் எந்தப் படத்தையும் பாக்காதீங்க. பாத்துட்டா கேஸ் போச்சு."

கூட நின்ற என் கொழுந்தன் பொங்கிவிட்டான். அண்ணன் மேல் உயிர் அவனுக்கு. "இது என்ன பிக்பாக்கெட் கேஸாங்க? போர்ல யாராவது சாட்சி கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?"

"போர்னா உங்க அண்ணிக்கு அழறதைத் தவிர வேற வேலை இல்லைங்க. கேஸ்னா இவங்க சொல்றதைத்தான் கோர்ட்டு கேக்கும்" என்றார் அந்த அம்மா.

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஆனாலும் சொன்னபடி கேட்டேன். போனை அணைத்துப் பீரோவில் வைத்தேன். வார்டு டிவி ஓடும்போது வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். கண்ணை மூடினால் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அந்த முகம் அப்படியே இருந்தது. வெறுப்போடு அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

திருச்சி பாலக்கரையில் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கறுப்புத் துணியால் முகத்தை மூடித்தான் கொண்டுபோனார்களாம். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எங்கிருந்தோ அவன் படத்தைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். நான் இவருக்கு இட்லி பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் ஓடிவந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணி, இவன்தானே? சொல்லுங்க, இவன்தானே?"

தட்டிவிட்டேன். போன் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. ஆனால் பார்த்தாகிவிட்டது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஜன்னலில் அந்தப் படத்து முகம்தான் வந்து நின்றது, படத்தில் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையோடு. பழைய முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கொழுந்தனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

ஜெயிலில் சுவரோரம் ஒரே மாதிரி லுங்கி, ஒரே மாதிரி சட்டையில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மாஜிஸ்திரேட் சின்ன வயசு. "இதுல அந்த ஆள் இருந்தா, கிட்டப் போய்த் தோளைத் தொட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

வரிசையில் பாதி போவதற்குள் அவன் தெரிந்துவிட்டான். போன் படத்தில் இருந்தவன். அவன் முன்னால் போய் நின்றேன். அவன் மேலுதட்டில் வியர்த்திருந்தது. கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தான். என் கை பாதி எழும்பிவிட்டது. தொட்டால் முடிந்தது. ஊர் நிம்மதியாகிவிடும், வீடு நிம்மதியாகிவிடும். இவன்தான், இவன்தான் என்று மனசு கூவியது. எங்கே பார்த்தாய் என்று கேட்டால் அதற்குப் பதில் போன்தான்.

கையை இறக்கினேன். "ஐயா, இவர் படத்தை ஏற்கெனவே போன்ல பாத்துட்டேன். பையைக் குடுத்தது இவர்தான்னு என்னால சத்தியமாச் சொல்ல முடியல." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் இன்னொரு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

வேறு சாட்சியமும் கிடைக்காமல் அந்த ஆளை விட்டுவிட்டார்கள். புருஷன் காலை எடுத்தவனைக் காப்பாற்றிவிட்டாள் என்று சொந்தத்தில் பேச்சு. கொழுந்தன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அதெல்லாம் போகட்டும். இவரே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சும்மா தொட்டிருக்கலாம்ல?" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மழைக்காலம் முடிந்து மறுபடி ஜெயிலுக்குக் கூப்பிட்டார்கள். இன்னொருவன் சிக்கியிருந்தான். இந்தத் தடவை யார் படமும் என் கண்ணில் படவில்லை. வீட்டுப் பக்கம் வராத கொழுந்தனே தெருமுனையில் நின்று, வருகிறவர்களிடம் எங்கள் வீட்டுக்குள் போனை எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

வரிசையின் கடைசியில் நின்றான். பார்த்ததும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இருந்த அந்தப் பழைய முகம் திரும்ப வந்துவிட்டது. தேட வேண்டியிருக்கவில்லை, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அறைய வேண்டும் என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன். தொட்டேன். சட்டைக்கு அடியில் எலும்பு நடுங்கியது. கையை எடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் இவர் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க."

கால் போனதற்குக்கூட அழாதவர் அன்று வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு நான் சொன்ன மாதிரி நீ அந்தப் பாலக்கரை ஆளைத் தொட்டிருந்தா, இவனை யாராவது தேடியிருப்பாங்களா?"

"மாட்டாங்க" என்றேன்.