எங்கள் ஆபீசுக்குக் குமாஸ்தா பார்த்தது

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியும்; கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பெரியகுளத்தில் என் வீட்டுக்காரருடைய வக்கீல் ஆபீசுக்கு நல்ல குமாஸ்தாவை எடுத்துக் கொடுத்தது இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளைக்காரன் காலம் அது. எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். என் வீட்டுக்காரரும் அவருடைய சித்தப்பா மகனும், ஆக இரண்டு வக்கீல்கள். கோர்ட்டில் எழுந்து பேசுவது இவர்கள். பேசுவதற்கு வேண்டிய விஷயத்தைக் கட்சிக்காரர் வாயிலிருந்து வாங்கி, கடுதாசியில் எழுதி, வாய்தாத் தேதியை நினைப்பூட்டி, வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது குமாஸ்தா. பழைய குமாஸ்தா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன பிறகுதான் இரண்டு வக்கீல்களுக்கும் அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

புது ஆள் பார்க்க உட்கார்ந்தார்கள். இப்போது அதை இண்டர்வியூ என்கிறார்கள். எங்கள் வீட்டில் "ஆள் பார்க்கிறது" என்றுதான் சொல்வோம். பெண் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வந்தவர் தலை குனிந்து உட்காருவார். பார்க்கிறவர்கள் அவருடைய மாமன் யார், சித்தப்பன் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். பாடத் தெரியுமா என்பதற்குப் பதிலாக இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கத் தெரியுமா என்பார்கள். காபியை மட்டும் வந்தவர் கொண்டுவராமல் நான் கொண்டுபோவேன்.

சித்திரை வெயிலில் இரண்டு பேரும் கழுத்துவரை பொத்தான் போட்டு, கோட்டுக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி மூன்று. பேப்பரில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். இங்கிலாந்து ராஜா குடியிருக்கும் அரண்மனையின் பேரைச் சொல்ல வேண்டும். குமாஸ்தாவுக்கு முதல் லட்சணம் என்ன என்று சொல்ல வேண்டும். அதற்கு "விசுவாசம்" என்பது பதில். அதோடு கேள்வி முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க, தாங்கள் ஜெயித்த வழக்குகளை இவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வந்தவர் தலையாட்ட வேண்டும். வந்தவர்களில் யார் அழகாகத் தலையாட்டினாரோ அவரை எடுத்தார்கள்.

"ரொம்ப விசயம் தெரிஞ்ச மனுசன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படி என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

அவர் மேலே பார்த்து யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு," என்றார்.

முத்து முத்தாகத்தான் இருந்தது. அந்த முத்துதான் தேவாரத்து அம்மாளின் வயலைக் காயப் போடப் பார்த்தது.

அந்த அம்மாளுக்குத் தேவாரம் ஊர்; புருஷனை இழந்தவர். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை. பக்கத்து வயல்காரர் அவருக்குப் போகிற வாய்க்காலை அடைத்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு இங்கன முறைத்தண்ணியே கிடையாது" என்று கோர்ட்டுக்கும் போய்விட்டார். அதற்குப் பதில் மனுப் போட வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே 'இன்னாருடைய மனைவி' என்று வரும். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பிளை புருஷன் பேரை வாயால் சொல்வாள்? செத்துச் சாம்பலானாலும் சொல்ல மாட்டாள். புதுக் குமாஸ்தா கேட்டதற்கு அந்த அம்மாள், "முருகன் பேருதானுங்க" என்றிருக்கிறார். முருகனுக்கு எத்தனை பேர்! இவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், தமக்குப் பிடித்த ஒரு பேரை முத்து முத்தாக எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர் எழுத்தழகைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், பட்டாவில் இருக்கிற பேரே வேறு, இந்த அம்மாள் யாரோ ஒருத்தருடைய மனைவி என்று சொல்லிச் சிரித்தாராம். நீதிபதி சிரிக்கவில்லை. பத்து நாள் தவணை கொடுத்தார். அன்றைக்கும் சரியான மனு வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு என்றார். தலையாட்டிக் குமாஸ்தா, ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனவர்தான், திரும்பவில்லை.

மறுபடி ஆள் பார்த்தார்கள். அதே கோட்டு, அதே மூன்று கேள்வி. வந்தவர்கள் மூன்று பேர். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் உள்ளே போய் வந்ததும் மற்ற இருவரிடமும் சொன்னது ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது: "அரண்மனைப் பேரக் கேக்காக. கடைசியில விசுவாசம்னு சொல்லிப்புடுங்க. ரொம்பச் சந்தோசப்படுறாக."

உள்ளே மூன்று பேரும் விசுவாசம் என்றார்கள்.

"மூணு பேருமே தேறிட்டாகளே அண்ணே! யாரை எடுக்க?" என்று கொழுந்தனார் பூரித்துப் போனார்.

தவணைக்கு எட்டு நாள்தான் பாக்கி. தேவாரத்து அம்மாள் விடியற்காலையிலேயே வண்டியேறி வந்து, பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. காபித் தம்ளரை எடுக்கிற சாக்கில் முன்னறைக்குப் போனேன்.

"இங்கேருங்க, எடுக்கிற ஆளு ராசாவுக்கா வேல பாக்கப் போறாரு? பின்கட்டுல ஒரு ஆத்தா உக்காந்திருக்கு. ஒவ்வொருத்தரா அனுப்புங்க. அது கதையைக் கேட்டு எழுதிட்டு வரட்டும்."

"சட்டம்னா சாம்பாருன்னு நெனச்சியா? ருசி பாத்து எடுக்கிறதுக்கு?"

"நீக ருசி பாக்காம எடுத்த ஆளைத்தான் பாத்தோமே."

கொழுந்தனார் இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "போய்த் தொலைங்க," என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொருத்தராக அனுப்பினார்.

நானும் கிணற்றடிக்கு வந்துவிட்டேன். முதல் ஆள் தொப்பி போட்டவர். நின்றபடியே, "புருசன் பேரு என்னம்மா? சட்டுனு சொல்லு. கோர்ட்டு வேல வெளையாட்டு இல்ல," என்றார்.

"இம்புட்டு வருசமா வராத பேரு, ஒங்க தொப்பியப் பாத்தா வந்துருமா தம்பி?" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் ஆள் நல்ல மனுஷன். அந்த அம்மாள் சொன்ன அத்தனையும் எழுதினார். பக்கத்து வயல்காரர் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, போன வருஷம் செத்த காளை, எல்லாம் இரண்டு தாள் வந்தது. தண்ணீர் மட்டும் அதில் இல்லை. பேரைக் கேட்டார். "முருகன் பேருதானுங்க" என்றதும் இவரும் ஒன்றை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மூன்றாவது ஆள் குச்சனூர்ப் பக்கம். சட்டைக் காலர் கிழிந்து தைத்திருந்தது. கணக்குப்பிள்ளை ஒருவரிடம் எழுத்து வேலை பார்த்தவர். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"மடைய எப்ப ஆத்தா அடைச்சாக?"

"ஆடிப் பதினெட்டுக் கழிச்சு, தம்பி."

"அதுக்கு முந்தி ஒங்களுக்கு என்னிக்குத் தண்ணி?"

"செவ்வா, வெள்ளி."

"தொறந்து விட்டது யாரு?"

"நீர்க்கட்டிதான். ஊருக்கே அவுகதான பாய்ச்சுறாக."

"அவுக கோர்ட்டுல வந்து சொல்லுவாகளா?"

"ஏன் சொல்லாம? இதுநா வரைக்கும் ஒருத்தரும் கேக்கலயே!"

பிறகு அவர், "வீட்டுக்காரக பேரு நீங்க சொல்ல வேணாம். பட்டாக் கடுதாசி கொண்டாந்திருக்கீகளா?" என்றார்.

அந்த அம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். எட்டாக மடித்த பட்டா. அவ்வளவு நாளும் அது அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது, கேட்பாரில்லை. குச்சனூர்க்காரர் அதைப் பார்த்து எழுதினார். சத்தம் போட்டு வாசிக்கவில்லை. இரண்டையும் என் பக்கம் திருப்பி, "தாயி, நான் எழுதுனதும் இதுவும் ஒண்ணுதானான்னு நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க," என்றார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. எங்கள் ஆபீசில் ஒரு மனுவைக் கையெழுத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருவர் முழுசாகப் படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனா? பேப்பரை வாசிக்கச் சொன்னா பாதியில நிறுத்தி, இந்த வார்த்தை எனக்குத் தெரியலைங்கிறான்."

"தெரியலன்னு சொன்னாரா?"

"ஆமா."

"முந்தி இருந்த குமாஸ்தா அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா, இந்த ஆத்தா மறுபடி வண்டி ஏறி வந்திருக்காது. இங்கிலீசு பேச நீக ரெண்டு பேரு இருக்கீக. அது போதாதா?"

அவர் கையை நீட்டினார். எழுதி வந்த தாளை வாசித்தார். நீர்க்கட்டி என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். பொத்தான் கழன்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

தவணைக்கு இரண்டு நாள் முந்தியே மனு போய்விட்டது. நீர்க்கட்டியும் ஒரு நாள் வந்து, தம் கையாலே மடை திறந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார். செவ்வாயும் வெள்ளியும் அந்த அம்மாளுக்கே என்று தீர்ப்பானது. வக்கீல்கள் கூடுகிற இடத்தில் என் வீட்டுக்காரர், "கட்சிக்காரரை எதிரில் உட்கார வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும். சீமையில் அதுதான் வழக்கம்," என்று சொன்னாராம். எங்கள் கிணற்றடியைச் சீமை என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அறுப்பு முடிந்ததும் தேவாரத்து அம்மாள் அந்த வயல் அரிசியில் ஒரு மூட்டை கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் துண்டைச் சரி செய்துகொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிப் போய்க் குமாஸ்தாவின் மேஜைக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கினார்.

"வக்கீலய்யா, ஒங்க புண்ணியத்துல வெளஞ்சது."

குமாஸ்தா பதறி எழுந்துவிட்டார். "ஆத்தா, வக்கீலு நான் இல்ல, அவுக!"

அந்த அம்மாள் திரும்பி என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார்.

"அப்ப எழுதிக் குடுத்ததெல்லாம் நீங்கதான? இவுக என்ன வேல பாக்காக?"

தெரிந்து கேட்டாரோ, தெரியாமல் கேட்டாரோ, நான் விசாரிக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் அரிசி மூட்டையை ஒரு பக்கம் பிடித்து, அந்த அம்மாளை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, உள்ளே கொண்டுபோய்விட்டேன்.