முதலில் கேட்டது யார்

தம்போய் என்ற ஊரில் ஒரு சிறிய தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் கணினிகள் வெளியே யாரோடெல்லாம் தொடர்புகொள்கின்றன என்ற பதிவைத் தினமும் படித்து, சந்தேகமாக இருந்தால் சொல்ல வேண்டும். பதிவின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கணினிகள் இருக்கும். முதலில் தொடர்புகொண்டு கேட்பது கிளையண்ட். பதில் தருவது சர்வர். சேர்ந்து நான்கு மாதம்தான். வேலை நிரந்தரமாகவில்லை. எதையாவது கவனிக்காமல் விட்டுவிடுவேனோ என்று எந்நேரமும் பயம்.

ஒரு திங்கட்கிழமை காலை, வரைபடப் பிரிவு அக்காவின் கணினிக்கு நேரே 'சர்வர்' என்றிருந்தது. கிளையண்ட், முன்பின் தெரியாத ஒரு வெளிக்கணினி. அப்படியென்றால் வெளியாள் யாரோ உள்ளே வந்து கேட்கிறான். அக்காவின் கணினி அரைமணி நேரமாகக் கோப்புகளை அள்ளிக் கொடுக்கிறது. மறுபடி ஒருமுறை பார்க்காமல் மேலாளரிடம் ஓடி, கோப்புகள் வெளியே போவது உறுதி என்றேன்.

பத்து மணிக்கு அக்காவின் கணினியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அக்கா என்னிடம் வந்தார்.

"என்னம்மா, நான் யாருக்கோ டிராயிங் குடுக்குறேன்னு பேசிக்கிறாங்க?"

"செக் பண்றாங்க அக்கா. ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் தூக்கிட்டுப் போறாங்க?"

புகார் சொன்னது நான்தான் என்பதை மறைத்து, என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் சாப்பிடப் போகாமல் மேசையிலேயே இருந்தேன். மேலாளருக்கு இன்னும் ஆதாரம் வேண்டுமே என்று அந்த வரியைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். சர்வர்கள் வழக்கமாகக் கேள்விகளுக்குக் காத்திருக்கும் 'போர்ட்' எண் வெளிக்கணினியின் பக்கம்தான் இருந்தது. அப்படியானால் சர்வர் அதுதான், அக்காவின் கணினி அல்ல. பதிவெடுக்கும் கருவி அன்று காலை நின்று மறுபடி ஓடியிருக்கிறது. தொடர்பின் நடுவில் விழித்த அது, முதலில் கண்ணில் பட்டது வெளியிலிருந்து வந்த பதில் என்பதால், வெளிக்கணினியையே கேட்டவன் என்று எழுதிவிட்டது. உண்மையில் தொடர்பைத் தொடங்கியது அக்காதான். சிங்கப்பூர் வாடிக்கையாளரின் தளத்தில் வரைபடங்களை ஏற்றியிருக்கிறார். அதுதான் அவர் வேலை.

மேலாளரிடம் சொன்னேன்.

"காலையில கன்ஃபார்ம்னு சொன்னீங்க."

"தப்பா படிச்சிட்டேன் சார்."

"அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

அக்கா கேன்டீனில் தேத்தாரித் தேநீர்க் கோப்பையை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன்.

"மெஷினுக்குத் தெரியல, சரி. நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? ரெண்டு மேசை தள்ளித்தானே இருக்கேன்."

சாயங்காலமே கணினி திரும்பி வந்தது. அந்த வாரம் முழுவதும் அக்கா என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டார். போய்ச் சரிசெய்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "தேங்க்யூ" என்றார்.