வா, நில்: இரண்டே பொத்தான்கள்

என் பேத்தி ஹேமாவின் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூன்று முறையும் எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. கோளாறு இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பெயர் இருந்தால் மருந்தும் இருந்திருக்கும்.

மூன்றாவது மருத்துவமனையின் தாழ்வாரத்தில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவள், பதினைந்து வயது, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு.

"தாத்தா, நான் செத்துகினு இருக்கேன். அது டாக்டருக்குத் தெரியல" என்றாள்.

எதிர் பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இப்படி ஒரு பிள்ளையோடு ஏதாவது ஒரு தாழ்வாரத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதலாக இருக்கும் என்று உறுதி தர முடியாது.

நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். போல்ட்டும் நட்டும் எண்ணியே ஆயுள் போனவனுக்கு எதையும் எண்ணாமல் பார்க்க வராது. என் ஒரே மகன் சேகர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து, டியூஷனுக்குப் போயிருந்த மகளை அழைத்துவர பைக்கில் வந்தவன், ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தான். சாலையின் மறு ஓரத்தில் ஹேமா நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்பாட்லயே போயிட்டாரு, வலி தெரிஞ்சிருக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். என் மருமகள் வசந்தி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து மறுபடி தொழிற்சாலை வேலைக்குப் போனாள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம். பள்ளி அந்தப் பக்கம். காரியம் முடிந்து பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள், சாலையோரத்தில் ஹேமாவுக்கு மூச்சு முட்டியது. விரல்கள் மடங்கி விறைத்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தச் சாலையைக் கடக்கவில்லை.

நான்காவதாகப் பார்த்தவர் காஞ்சிபுரத்தில் ஒரு மனநல மருத்துவர், நடுவயதுப் பெண்மணி. 'பேனிக் அட்டாக்' (ஆபத்து எதுவும் இல்லாதபோதே, உயிர் போகப்போகிறது என்று உடல் நடந்துகொள்வது) என்று அவர்தான் பெயர் சொன்னார். துக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, அதோடு சேர்ந்து வந்த பதற்றத்துக்கு இருக்கிறது என்றார். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சாலைக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும்: முதலில் தூரத்தில் நின்று பார்ப்பது, பதற்றம் அடங்கும்வரை அங்கேயே இருப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

"வீட்ல நாள் முழுக்க என்ன பண்றா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல பொணத்த சுட்டுகினு இருக்கா" என்றாள் வசந்தி.

"யாராவது கூட உக்காந்து பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. வீட்டில் வேலைக்குப் போகாத ஆள் நான் ஒருவன்தான். மறுநாளே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கம்ப்யூட்டர், சேகர் மகளின் படிப்புக்காக வாங்கியது. அதில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவன் வசந்தியின் தம்பி பிரபு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை அவனுக்கு. கெட்டவன் இல்லை. எங்கள் வீட்டில் அப்போது சிரித்துப் பேசிய ஒரே ஆளும் அவன்தான்.

செத்தவர்கள் எழுந்து நடமாடும் ஓர் ஊர். ஆடுபவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். பள்ளிக்கூடம் ஒன்றில் ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணை மீட்டுத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். அவளுக்கும் வயது பதினைந்துக்குள்தான் இருக்கும்.

"இது லக்கேஜ் மாமா" என்று பிரபு எனக்கு அவளை அறிமுகம் செய்தான். "சுடாது, ஓடாது, நல்லாக் கத்தும். இத இட்டுகினு போயி கப்பல்ல ஏத்துனா கேம் ஓவர்."

திரையின் மூலையில் ஒரு நீலப் பட்டை உண்டு. அது அவளுடைய தைரியம். பிணங்கள் நெருங்கினால் பட்டை குறையும். தீர்ந்துபோனால் அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து அலறுவாள். அலறல் கேட்டு மற்ற பிணங்களும் வரும். வழியில் கிடக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் அந்த நொடியே பட்டை நிரம்பிவிடும். சில வாரங்கள் என்றெல்லாம் அங்கே பேச்சில்லை.

விசைப்பலகையில் என்னென்ன செய்யலாம் என்று கேட்டு எண்ணினேன். சுட, உதைக்க, குண்டு நிரப்ப, குனிய, ஓட என்று பதினான்கு பொத்தான்கள். அந்தப் பெண்ணுக்கென்று இரண்டு: 'வா', 'நில்'. பக்கத்தில் உட்கார ஒன்றும் இல்லை.

நான் பார்த்தவரையில் அவள் பேசும் வாக்கியங்கள் பதினொன்று. ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், படித்தேன். ஏழு வாக்கியங்களில் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அழுததற்கு, பின்தங்கியதற்கு, சத்தம் போட்டதற்கு. ஓரிடத்தில் அவளுடைய தாயே பிணமாக நடந்து வருகிறாள். சுடாமல் மேலே போக முடியாது. சுட்டதும் அந்தப் பெண் ஒரு தாழ்வாரம் நெடுக அழுதுகொண்டே நம் பின்னால் வருகிறாள். கதவு திறந்ததும் அடுத்த கட்டம். பட்டை நிரம்பியிருக்கிறது. 'நான் தயார்' என்கிறாள். தாய்க்கான துக்கம் ஒரு தாழ்வாரத்தின் நீளம்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது பதினாறு நாள். காரியத்துக்கு வந்தவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்த கையோடு, "இனிமே படிப்பப் பாரும்மா, எத்தினி நாளு அழுதுகினே இருப்ப?" என்று ஹேமாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் பிடித்தார்கள்.

பிரபு ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தான். தெருமுனையில் அந்தப் பெண்ணை நிறுத்திவிட வேண்டும். அவள் அலறுவாள். எல்லாப் பிணங்களும் அங்கே போகும். நாம் பின்பக்கமாகப் போய் அங்கே இருக்கும் பெரிய துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். அவள் செத்தால் பரவாயில்லை, பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால் உயிரோடு நிற்பாள். மதிப்பெண் எதுவும் குறையாது.

ஹேமா அந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொண்டாள். ஆனால் துப்பாக்கி எடுக்கப் போகவில்லை. பெண்ணைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு எதிர்த் தெருவில் நின்று பார்த்தாள். அலறல் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினாள். ஏழாவது முறை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ற?"

"எவ்ளோ நேரம் கத்துதுன்னு பாக்கறேன்."

"நாப்பத்தோரு செகண்ட்" என்றேன். எண்ணியிருந்தேன்.

"நானும் அதான் எண்ணுனேன்" என்றாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா இதவிட ஜாஸ்தி தாத்தா. ரொம்ப ஜாஸ்தி. என் பேர சொல்லித்தான் கூப்ட்டாரு. வண்டி நிக்கவே இல்ல. ஒண்ணு போனா ஒண்ணு. நான் இந்தப் பக்கமே நின்னுகினு இருந்தேன்."

எவ்வளவு ஜாஸ்தி என்று நான் கேட்கவில்லை. அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

வசந்தியிடம் இதைச் சொல்லவில்லை. மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மருந்தை மாற்றவில்லை. "அவ அதச் சொன்னதே பெரிய விஷயம். நீங்க பக்கத்துல உக்காருறத நிறுத்தாதீங்க" என்றார்.

அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. சாலைக்கு முன்னூறு அடி தூரத்தில் இருக்கும் பெட்டிக்கடைவரை ஹேமா வந்திருந்தாள். அதற்கு மேல் ஓரடி வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த வசந்தி, பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் பேசினாள்.

"லைன்ல அழுதா மாத்தி நிக்க ரிலீவர் வர மாட்டா மாமா. பாத்ரூம்ல போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிகினு வந்து நிப்பேன். புருஷன் செத்தவ நானு. இவளுக்கு மட்டும் இன்னா தனியா?"

"மெதுவாத்தான் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே."

"எனக்கு நைட் ஷிஃப்ட்டு. உங்களுக்கும் வயசாயிடுச்சு. இவ பரீட்சைக்குப் போகலன்னா வாலாஜாபாத்ல எங்க அண்ணன் வூட்ல வுட்டுடறேன். மளிகக்கட கீது, பொட்டலம் கட்டட்டும்."

பக்கத்து அறையில் மவுஸ் சத்தம் நின்றது.

பிரபு பொறுப்பை ஏற்றுக்கொண்டான். "எங்க கம்பெனியில புதுப் பசங்களுக்கு மூணு நாள்தான் ட்ரெயினிங். மெஷினப் பாத்து அழுத பையன்லாம் நாலாவது நாளு தனியா ஓட்றான். வுடு அக்கா, நான் பாத்துக்கறேன்." பழகாத கையை நேரே இயந்திரத்தின் முன்னால் நிறுத்துவதுதான் அவர்கள் முறை. மருத்துவர் சொன்ன படிகளை நான் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, நீங்களும் கூட வாங்க, தைரியமா இருப்பா" என்றான். போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வண்டி குறைந்த ஓர் இடைவெளியில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுத்திட்டுவரை கொண்டுவந்துவிட்டான். நான் பின்னால் ஓடி வந்தேன். பிரபு மீதிச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"வா! வந்துடு! ஒண்ணும் ஆவாது, வா!"

ஹேமா திட்டின் மேல் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் லாரிகள். காற்று எங்களைத் தள்ளியது.

"மாமா, நீங்க மட்டும் வந்துடுங்க! ஆள் இல்லன்னா தானா வருவா!"

நான் போகவில்லை. முட்டியை மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகப் போன ஒரு லாரியிலிருந்து கிளீனர் பையன் கத்தினான்: "இன்னா பெருசு, பேத்திய இட்டுகினு பீச்சுக்கு வந்தியா?"

அவள் முதுகில் கை வைத்தேன். அவள் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. அப்போதுதான் தலையைத் தூக்கி எதிரே பார்த்தேன். சேகர் விழுந்து கிடந்த இடம் அது. என் மகன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம்.

என் விரல்கள் மடங்கின. நெஞ்சுக்குள் யாரோ கதவை உதைப்பது போலிருந்தது. மூச்சு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை. ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பிரபு பிறகு சொன்னான், "சேகர், சேகர்னு கூப்ட்டீங்க மாமா."

ஹேமா என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். இடப்பக்கம் பார்த்தாள். ஒரு வேனைப் போகவிட்டாள். சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பிரபுவின் பக்கத்தில் நின்று என் பக்கம் திரும்பினாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். அவள் உதடுகள் அசைந்தன. என்னோடு பேசவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிரபுதான் வந்து என்னைத் தூக்கினான். வீட்டுக்கு வந்ததும் வசந்தியிடம் சொன்னான்: "ட்ரெயினிங் சக்சஸ் அக்கா. பேட்ச்ல ஒரு ஆளு மட்டும் அவுட்டு." வசந்தி சிரித்தாள். சேகர் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலை ஹேமா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பாவவிட கம்மிதான் தாத்தா. பயப்படாத."

"என்ன விட்டுட்டுப் போயிட்டியேம்மா."

"ஆமா. கிட்ட வர்றதுக்குத்தான் எனக்குக் கால் வராது. வுட்டுட்டுப் போறதுக்கு வருது. அது எனக்கு அங்க உக்காந்தப்புறந்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காபி ஆறிடப்போவுது, குடி" என்றாள்.

அவள் எல்லாப் பரீட்சையும் எழுதினாள். தேறினாள். வாலாஜாபாத் பேச்சு நின்றது. விளையாட்டுச் சிடியை பிரபு திருப்பி எடுத்துப் போனபோது அவள் கேட்கக்கூட இல்லை.

நான்தான் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயந்த பெண்ணை இழுத்துப் போகலாம், நிறுத்தலாம், பலி கொடுக்கலாம், மறுபடி உயிரோடு எழுப்பலாம் என்றெல்லாம் யோசித்து அந்த விளையாட்டைச் செய்தவர்கள், அவள் நம்மை விட்டுவிட்டுப் போகக்கூடும் என்று யோசிக்கவில்லை. எத்தனை முறை தெருமுனையில் விட்டாலும் அவள் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். நாங்களும் ஹேமா அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். பயந்தவர்களுக்கும் ஒரு கொடூரம் உண்டு. சில சமயம் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்கள். உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எழுந்து போனால், திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

இப்போது காஞ்சிபுரத்துக்கு நோயாளியாகப் போவது நான். அதே மருத்துவர், அதே மாத்திரை, பாதி அளவு. நாடியை எண்ணக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எண்ணினால் அது வேகமெடுக்கிறது. அறுபத்தெட்டு வருடம் என் இதயம் அடித்தது எனக்குக் கேட்டதில்லை. இப்போது சாப்பிடும்போதும் கேட்கிறது. பிறர் வீட்டுச் சுவரில் யாரோ ஆணி அடிப்பதைப் போல, அது பாட்டுக்கு விடாமல்.

ஹேமா மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டு மாலையில் தனியாகச் சாலையைக் கடந்து வருகிறாள். என்னால் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் டீக்கடைவரை போக முடிகிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "பெருசு, மணி இன்னா?" என்று கேட்டார்.

கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அதைப் பார்க்கவும் பார்த்தேன்.

"பாப்பா இன்னும் வரல" என்றேன்.