சிகரெட் வரியும் மாமாவின் ஓட்டும்

சிகரெட் பற்றவைக்கும் முன் மாமா காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். சான் ரமோனில் எங்கள் வீட்டின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே, வேலியைப் பார்த்தபடி நிற்பார். புகை எங்கள் ஜன்னலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகாது என்று உறுதியான பிறகுதான் லைட்டரை எடுப்பார். பிறந்தநாள் விருந்துகளுக்கு எங்கள் வீட்டில் கூடும் ஐடி குடும்பங்களில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. கூட்டம் நிறைந்த வீட்டில் அவர் மட்டும் அவ்வப்போது காணாமல் போவார், ஏலக்காய் மென்றபடி திரும்புவார். என் மகள் அப்போதும் மூக்கைச் சுளிப்பாள்.

அவர் என் அம்மாவின் தம்பி. அம்மா ஸ்பான்சர் செய்து, நடுவயதில் கரூரிலிருந்து வந்தவர். ஆல்டமாண்ட் காற்றாலைகளைத் தாண்டி ஃப்ரீவே ஓரத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய சிறிய கடையும் வைத்திருந்தார். லாரி ஓட்டுகிறவர்களும், பெரிய கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறவர்களும், பாதாம் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பெட்ரோலைவிட, காபியைவிட, கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த சிகரெட்டுகளைத்தான் அவர்கள் அதிகம் தேடி வந்தார்கள்.

நான் எமர்ஜென்சியில் நர்ஸ். அந்த ஆண்டு எங்கள் பிரிவில் கட்டில் போதாமல் நோயாளிகளை நடைவழியிலேயே படுக்கவைத்திருந்தோம். சிகரெட் வரியை உயர்த்தி அந்தப் பணத்தை அவசர சிகிச்சைக்குக் கொடுக்கலாமா என்று தேர்தலில் மக்களிடமே கேட்டார்கள். எனக்கு அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் ஆதரவுப் பலகை நட்டேன். சனிக்கிழமைச் சந்தையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தேன்.

மகளின் பிறந்தநாளன்று வந்த மாமா அந்தப் பலகையைப் பார்த்தார். சாப்பாட்டின்போது என் கணவரும் நண்பர்களும் அந்த வரியைப் பற்றிப் பேச, அத்தனை பேரும் ஒரே பக்கம் இருந்தார்கள். அப்போதுதான் மாமா மெதுவாகக் கேட்டார்.

"உங்க எமர்ஜென்சிக்கு வர்றவங்கெல்லாம் சிகரெட் குடிக்கறவங்களா, கண்ணு?"

இல்லை என்றேன். கார் விபத்து, கீழே விழுந்த முதியவர்கள், காய்ச்சலில் குழந்தைகள், எல்லாரும்தான் வருகிறார்கள்.

"அப்ப எல்லாரும் படுக்கற கட்டிலுக்கு எங்காளுங்க மட்டும் எதுக்குக் கட்டணும்? இங்க வீட்டுக்கு வீடு வைன் இருக்குது. அதுக்கு ஏன் போட மாட்டேங்கறீங்க?"

விலை ஏறினால் பலர் விட்டுவிடுவார்கள், அதுவே பெரிய நன்மை என்றேன். என் வேலையில் நான் பார்த்த நுரையீரல்களை வைத்துச் சொன்னேன். அதை அவர் மறுக்கவில்லை. எல்லாரும் விட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்டார். மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கோபமே இல்லாத குரலில், "எனக்கு க்ரீன் கார்டு. என்கிட்ட வாங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அதுவும் இல்ல. ஓட்டு உங்களுக்கு, வரி எங்களுக்கு," என்றார். பிறகு பின்புறம் போய்விட்டார்.

வரி நிறைவேறியது. அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. 680 ஃப்ரீவே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவருக்குப் பதில் சொல்லிப் பார்ப்பேன். வீடு வருவதற்குள் அந்தப் பதில் உதிர்ந்துவிடும். மாமா கடைச் செய்தி சொல்வார். பாதாம் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், கல்லா வரை கொண்டுவந்த பாலைத் திரும்ப வைத்துவிட்டு சிகரெட்டை எடுத்துப் போனாள். ஒரு லாரிக்காரர் அடியோடு விட்டுவிட்டு, பெருமையாகச் சூயிங்கம் வாங்கிப் போகிறார். இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார். எனக்குச் சாதகமானதை அவர் மறைத்ததே இல்லை.

மூன்றாவது கோடையில் ஒரு ஞாயிறு மதியம், எங்கள் சோஃபாவில் உட்கார்ந்திருந்தவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் வியர்த்து வெளிறிப்போனதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அவரை என் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனது. சொந்தக்காரர் என்பதால் வேறொரு நர்ஸ் பார்த்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் என் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றேன். வரிப்பணமும் சேர்ந்து புதிதாகத் திறந்த பகுதி அது. நடைவழியில் யாரும் படுத்திருக்கவில்லை. ஸ்டென்ட் வைக்கக் கொண்டுபோகும் முன் மாமா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எங்காளுங்க காசும் இருக்குதில்ல, கண்ணு?"

ஆமாம் மாமா என்றேன். கிண்டலா, நன்றியா என்று அந்த முகத்தில் தேடினேன். இரண்டும் தெரியவில்லை.

பிழைத்து வந்தவர் சிகரெட்டைத் தொடவில்லை. கூடவே, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்த சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார். ஓட்டு இல்லாமல் எவ்வளவு காலம் பேசிக்கொண்டே இருப்பது என்றார். என் மகள்தான் அவரிடம் அந்த நேர்முகத் தேர்வின் கேள்விகளைக் கேட்டுப் பழக்கினாள். அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், அவர் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்வார். பிரமாணம் எடுத்த நாளில் அவளைக் கட்டிக்கொண்டார். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே வரியை இன்னும் உயர்த்தலாமா என்ற கேள்வி மறுபடி வந்தது. இந்த முறை நான் பலகை நடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, எங்கள் கட்டில்கள் மறுபடி நிரம்பியிருந்தன. தபாலில் வந்த ஓட்டுச் சீட்டை முந்தின நாளே நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் வேண்டாம் என்று போட்டிருப்பார், அதற்கான காரணத்தையாவது இப்போது தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"சரின்னுதான் போட்டேன்," என்றார்.

என் முகத்தில் நிம்மதி தெரிந்திருக்க வேண்டும். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"அதுக்காக அது நியாயம்னு ஆயிடாது, கண்ணு. போன தடவை நான் குடிச்சிட்டு இருந்தேன், ஓட்டு இல்ல. இப்ப ஓட்டு இருக்குது, நான் குடிக்கறதில்ல. யோசிக்காமயே கை போயிருச்சு. அதான் ராத்திரியெல்லாம் தூங்க முடியல."

காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நிரப்பாத என் ஓட்டுச் சீட்டு இன்னும் மேசைமேல் கிடந்தது.